அங்க இல்ல

ஸ்தானா கொண்டுவந்து கொடுத்த பாலை ஷெஃபிகா அப்படியே ரோட்டில் ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குலுக்கி ஊற்றி, காலித் தூக்கை வேலிக்கு மேலே நீட்டினாள்.

"இந்தா பிடி. நாளைக்குக் கொண்டு வராத."

நான் அப்போது வண்டியை நிறுத்திவிட்டு ஸ்தானா வீட்டு வாசலில் கேனைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டவுனில் இருந்து ஷ்லீவ்னோவுக்குப் பால் எடுக்க வருகிறவன் நான். முப்பது வருஷமாக இதே தடம். எந்த வீட்டில் எந்த மாடு வற்றியது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த இரண்டு பெண்களும் என்னை மனிதனாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"பிள்ளைக மாதிரி பண்ணாதீங்க அக்கா," என்றாள் ஸ்தானா. "பால் என்ன பாவம் பண்ணுச்சு?"

"என்னை அக்கான்னு கூப்பிடாத. இது ருமென்காவோட பேத்தி பாலுதானே? என் மாட்டோட பேத்தி. என் மாட்டுப் பாலை எனக்கே தானம் குடுக்க வந்திருக்க."

"நீங்க போன அன்னைக்கு அது மடி கட்டி ஊரே கேக்குறாப்ல கத்துச்சு. யாரும் இல்ல. பொறுக்க முடியாமத்தான் போய்க் கறந்தேன். அது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லலையே. மாடு கத்துச்சு, நீ வந்த. நல்ல மனசு." ஷெஃபிகா வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு கத்தினப்போ எங்க இருந்த? எனக்குப் பால் வேணாம் ஸ்தானா. தயிர் வேணாம். உன் இரக்கம் வேணாம். அவதோவை எங்க போட்டாங்கன்னு சொல்லு. அது போதும்."

ஸ்தானா காலித் தூக்கோடு திரும்பி வந்தாள். கன்னம் இரண்டும் தீயாய்ச் சிவந்திருந்தன. என்னைப் பார்த்து, "என்ன வேடிக்கை? கேனைத் தூக்கியாச்சுல்ல? கிளம்புங்க," என்று எரிந்து விழுந்தாள்.

ஷ்லீவ்னோவில் மேல்தெரு, கீழ்த்தெரு என்று இரண்டு. மேல்தெருவில் தேவாலயம். கீழ்த்தெருவில் மசூதி. நடுவில் சிமோவின் சாராயக்கடை. போர் வந்த தொண்ணூற்றிரண்டு ஜூலையில் ஒரே நாளில் கீழ்த்தெரு காலியாயிற்று. பதினைந்து வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து ஆண்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் அந்த ஐந்து பேரை யாரும் பார்க்கவில்லை. ஷெஃபிகாவின் புருஷன் அவதோ அதில் ஒருத்தன். வீடுகளை எரித்தார்கள். கதவு, ஜன்னல், அடுப்பு என்று எரியாததை எல்லாம் மேல்தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து, திரும்ப வருகிறவர்கள் வரலாம் என்று மேலே இருந்து உத்தரவு வந்தபோது கீழ்த்தெருவுக்குத் திரும்பியது ஷெஃபிகா ஒருத்தி மட்டும்தான். ஏதோ ஒரு உதவி அமைப்பு கொடுத்த நீலக் கூடாரத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதம் மழையில் நனைந்தாள். தனியாகவே எரிந்த ஓடுகளையும் கரிக்கட்டைகளையும் தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டினாள். வீட்டுக்குக் கூரை வந்தது. ஐம்பத்தைந்து வயது. தோளும் கையும் ஆம்பிளை மாதிரி. அவள் மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஸ்தானா அவளைவிடப் பத்து வயது இளையவள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு. அவளுக்கும் ஒரு இழப்பு உண்டு. அவள் தம்பி நெபோய்ஷா போருக்குப் போனவன். தெற்கே ஒரு மலையில், எதிர்ப்பக்கத்துக்காரர்கள் கையில் சிக்கினான் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான். எலும்புகூட வரவில்லை. அவன் போட்டோவை அடுக்களையில் உப்பு ஜாடிக்கு மேலே மாட்டியிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் ப்ளம் பழம் காய்ச்சுகிற நாள். ஒரு கொப்பரைப் பழத்தைக் கொட்டை எடுத்து, வாசலில் விறகடுப்பு மூட்டி, விடியலில் இருந்து பொழுது சாயும்வரை கிண்ட வேண்டும். சர்க்கரை கிடையாது. கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும், குளிர்காலம் முழுக்கக் கசப்பைத்தான் தின்ன வேண்டும். அன்று பால் வண்டியில் பெல்ட் அறுந்துபோனது. ஸ்தானாவின் புருஷன் ரதோயே எனக்காக அதை மாட்டிக்கொண்டிருந்தான். டிராக்டரோ, மண் அள்ளும் எந்திரமோ, அவன் கை பட்டால் ஓடும். அதிகம் பேசாதவன். வானத்தைப் பார்த்து, "மழை வரும்," என்று மட்டும் சொன்னான்.

ஸ்தானா கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"ரதோயே, அவங்களை எங்க புதைச்சீங்க?"

அவன் ஸ்பேனரைத் திருகுவதை நிறுத்தவில்லை. "யாரை?"

"நடிக்காத. அவதோவை. மத்த நாலு பேரை."

"எனக்கென்ன தெரியும்?"

"ஊர்ல மண் அள்ற எந்திரம் ஒண்ணுதான் இருந்துச்சு. அது உன்கிட்டதான் இருந்துச்சு. அஞ்சு பேரைக் கையாலயா தோண்டிப் புதைச்சாங்க?"

ரதோயே என்னைப் பார்த்தான். நான் பெல்ட்டைப் பார்த்தேன்.

"தோண்டுன்னு சொன்னாங்க, தோண்டினேன்," என்றான் கடைசியில். "எதுக்குன்னு கேக்கிற காலமா அது? நான் யாரையும் சுடலை. மண்ணை அள்ளினேன். மண்ணை அள்றது குத்தமா?"

"அப்புறம் மூடினது யாரு?"

அவன் பெல்ட்டை இறுக்கினான். கொப்பரையில் குமிழி வெடித்து அவள் மணிக்கட்டில் தெறித்தது. துடைக்கக்கூட இல்லை, கிண்டினாள்.

"ஒன்பது வருஷமா என் பக்கத்துல படுத்திருக்க. ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லி? அன்னைக்கு அதுதான் உத்தரவு. ரேடியோ அதைத்தான் சொன்னுச்சு. பாதிரியார் வந்து துப்பாக்கிக்குப் புனிதத் தண்ணி தெளிச்சாரு. ஊரே சரின்னு சொன்னுச்சு. அன்னைக்கு சரியா இருந்தது இன்னைக்கு எப்படித் தப்பாகும்? காலம் மாறினா செஞ்சது மாறிடுமா?"

"சரின்னு நினைச்சுத்தான் செஞ்சியா?"

"ஆமா."

"அப்போ ஒண்ணு கேக்கிறேன். கிணறு தோண்டினப்போ ஊரைக் கூட்டி ரக்கியா சாராயம் ஊத்தின. டிராக்டர் வாங்கினப்போ ஊத்தின. மாட்டுக்கொட்டாய்க்கு அஸ்திவாரம் போட்டதுக்குக்கூட ஊத்தின. அந்தக் குழி தோண்டினதுக்கு எங்க ஊத்தின? யாரைக் கூப்பிட்ட? சரியான காரியத்தை எதுக்குடா மண்ணைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க?"

ரதோயே ஸ்பேனரைத் தரையில் எறிந்தான். "உன் தம்பி எங்கன்னு அவங்க சொல்லட்டும். நானும் சொல்றேன். அதுதான் நியாயம்."

ஸ்தானா அப்போதுதான் முதல்முறையாகத் துடுப்பை விட்டாள்.

"என் தம்பி பேரை எடுக்காத," என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "அவனை உன் முன்னாடி கேடயமா நிறுத்தாத. உன் வாயால அவன் பேரைச் சொல்லாத."

மறுபடி துடுப்பை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தாள். சாயங்காலம்வரை கிண்டினாள். அடிப்பிடிக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்துப் பழக்குழம்பை ரதோயேவுக்கு அவள் ஒரு கரண்டி வைக்கவில்லை.

விஷயம் சிமோ காதுக்குப் போக இரண்டு நாள் ஆயிற்று. காலையிலேயே, நான் ஸ்தானா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, நேராக உள்ளே வந்து உட்கார்ந்தான். பருத்த ஆள். எல்லாரையும் தோளில் தட்டிப் பேசுவான். போர்க்காலத்தில் ஊருக்குப் பொறுப்பாக இருந்தவன்.

"ஸ்தானா, காப்பி கெடைக்குமா தாயி?"

"அடுப்பு அணைஞ்சிருச்சு."

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சிமோ சிரித்தான்.

"கோவமா இருக்க. சரி. பொம்பளைக்கு இளகின மனசு, புரியுது. எதிர்வீட்டுக்காரி அழுறா, உனக்குத் தாங்கலை. ஆனா யோசி. நீ ஒரு இடத்தைக் காட்டுவ. டவுன்ல இருந்து ஆளுங்க வருவாங்க. மொதல்ல யாரை இழுத்துட்டுப் போவாங்க? தோண்டினவனை. உன் புருஷனை."

"போகட்டும்."

"விளையாடாத."

"நான் விளையாடலை."

சிமோ என் பக்கம் திரும்பினான். "பாருங்க பால்காரரே. படிச்சவங்க மாதிரி பேசுறா. தப்பு, சரின்னு எங்கயாவது வானத்துல எழுதி ஒட்டியிருக்கா? ஜெயிக்கிறவன் எழுதுறதுதான் சரி. நாம தோத்திருந்தா நம்மளைக் குழியில போட்டுட்டு அவங்க காப்பி குடிச்சிட்டு இருப்பாங்க. அப்போ அதுதான் சரின்னு இருக்கும். ஒவ்வொருத்தனுக்கும் அவன் பக்கத்துச் சரி. இதுல கோவப்பட என்ன இருக்கு?"

ஸ்தானா எழுந்து போய் உப்பு ஜாடிக்கு மேலே இருந்த போட்டோவைக் கழற்றினாள். கொண்டுவந்து சிமோவின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இவனைக் கொன்னவங்க ஊர்லயும் ஒருத்தன் சாராயக்கடை வச்சிருப்பான். உன்னை மாதிரியே ஒக்காந்துகிட்டு, ஒவ்வொருத்தனுக்கும் அவன் பக்கத்துச் சரின்னு சொல்லிக்கிட்டு இருப்பான். அவன் சொல்றது சரிதான்னு சொல்லு. என் தம்பியைக் கொன்னது அவங்களுக்குச் சரிதான்னு, இந்த மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. சொல்லிட்டன்னா நான் வாயைத் தைச்சுக்கறேன்."

"அது வேற," என்றான் சிமோ.

"எது வேற?"

"அவன் நம்ம பையன்."

"அவ்ளோதானா? அதைத் தவிர வேற ஒண்ணும் இல்லையா?"

சிமோ போட்டோவை ஒரு விரலால் தள்ளி வைத்தான்.

"அவனைக் கொன்னது தப்பு," என்றாள் ஸ்தானா. "எனக்கு வலிக்குதுங்கறதுனால தப்பு இல்ல. நான் பொறக்காமலே இருந்திருந்தாலும் அது தப்பு. அவனுக்கு அக்காவே இல்லேன்னாலும் தப்பு. எந்த நாடு ஜெயிச்சாலும் தப்பு. அப்போ இதுவும் தப்பு. எனக்கு இவ்வளவுதான் தெரியும். காப்பி இல்ல. எந்திரிச்சுப் போ."

சிமோ எழுந்தான். வாசலில் நின்று, "ரதோயே எங்க?" என்று கேட்டான்.

"கொட்டாய்ல ஒளிஞ்சிருக்கான். போய் தோள்ல தட்டிக் குடு."

ரதோயே சொல்லவில்லை. அவள் கேட்டாள், அழுதாள், மூன்று நாள் சமைக்காமல் கிடந்தாள், அவன் ரொட்டியையும் பச்சை வெங்காயத்தையும் தின்றுவிட்டு வயலுக்குப் போனான். நான்காம் நாள் காலையில் நான் வந்தபோது ஸ்தானா வீட்டில் கேன் இல்லை. அவள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் தோண்டிக்கொண்டிருந்தாள்.

பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்க்கத் தோண்டினாள். இடுப்பளவு தோண்டி, ஒன்றும் இல்லை என்றதும் மூடாமலே அடுத்த இடத்துக்குப் போனாள். மறுநாள் மர அறுவை ஆலைக்குப் பக்கத்தில். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே. மழை தூறியது, களிமண் மண்வெட்டியில் ஒட்டியது, காலால் தட்டித் தட்டித் தோண்டினாள்.

"என்ன ஸ்தானா, உருளைக்கிழங்கா?" என்று சிரித்தார்கள் சாராயக்கடை வாசலில்.

"ஆமா. நீங்க விதைச்சது. முளைச்சிருக்கான்னு பாக்குறேன்," என்றாள் நிமிராமல்.

சிரிப்பு அடங்கியது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். இரண்டு பெண்கள், அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று எனக்கே கேட்கும்படிப் பேசினார்கள். கீழ்த்தெருவில் இருந்து ஷெஃபிகா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளும் மண்வெட்டியோடு வந்தாள். ஸ்தானாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தடி தள்ளி நின்று தன் பாட்டுக்குத் தோண்டினாள். ஒருத்தி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாலும் இன்னொருத்தி அதை எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் பழைய சுண்ணாம்புச் சூளைக்கு மேலே இருக்கிற சரிவுக்கு ஸ்தானா போனாள். அங்கே இன்னும் கண்ணிவெடி எடுக்கவில்லை. சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு படம் போட்ட பலகை வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி அங்கேதான் சிதறியது. ரோட்டில் ஆள் கூடிவிட்டது. நான் வண்டியை நிறுத்தினேன். யாரோ ஓடிப்போய் வயலில் இருந்த ரதோயேவைக் கூட்டிவந்தார்கள். ரப்பர் பூட்ஸோடு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஸ்தானா! நில்லுடி! வெடி இருக்கு!"

"இருக்கட்டும்."

"செத்துப் போவ!"

"அஞ்சு பேர் இங்க இருந்தா, நான் ஆறாவது." அவள் நாடாவைத் தூக்கிக் குனிந்தாள். ஒரு கால் உள்ளே வைத்தாள்.

"அங்க இல்ல!" என்று ரதோயே கத்தினான். குரல் கிழிந்தது. "அங்க இல்லடி! அங்க இல்ல!"

ரோட்டில் நின்ற முப்பது பேரும் கேட்டோம். சிமோவும் கேட்டான். ஸ்தானா ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஷெஃபிகா.

"அங்க இல்லேன்னா, எங்க?"

ரதோயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினான். மலையை இல்லை, காட்டை இல்லை. கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் இருந்த ஊர்க் குப்பைமேட்டைக் காட்டினான்.

ஒன்பது வருஷமாக நாங்கள் எல்லாரும் குப்பை கொட்டிய மேடு. செத்த கோழி, உடைந்த சட்டி, பிள்ளைகளின் பழைய செருப்பு. நான்கூட வண்டியின் ஓட்டை கேன்களை அங்கேதான் எறிந்திருக்கிறேன். ஷெஃபிகா வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தாள். ஏப்ரலிலும் மேயிலும் தன் வீட்டுக் கரியையும் எரிந்த ஓடுகளையும் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக அவள் கொண்டுபோய்க் கொட்டியதும் அங்கேதான்.

அவள் நடந்து ரதோயே முன்னால் வந்தாள். மண்வெட்டி கையில் இருந்தது. அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"நான் கொட்டினதை நீ பார்த்த," என்றாள். "டிராக்டர்ல அந்த வழியா எத்தனை தடவை போன. எனக்குக் கைகூடக் காட்டின. ஒரு நாள் என் தள்ளுவண்டிச் சக்கரம் பள்ளத்துல எறங்கிருச்சு, நீதான் தள்ளிவிட்ட. தன் புருஷன் மேலயே இவ குப்பை கொட்டுறாள்னு தெரிஞ்சேதான் தள்ளிவிட்ட."

ரதோயே அழுதான். "நான் என்ன செய்வேன் ஷெஃபிகா? என்னத்தச் செய்யச் சொல்ற?"

"அழாத. எனக்கு முன்னாடி நீ அழாத."

டவுனில் இருந்து வெள்ளை உடுப்பு போட்டவர்கள் வந்தார்கள். குப்பையை அகற்றவே ஆறு நாள் ஆயிற்று. ஐந்து பேரும் இருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் ரத்தம் எடுத்து, எலும்போடு ஒப்பிட்டு, எது யார் என்று சொல்ல அடுத்த ஜூன் ஆகிவிட்டது. அவதோவைக் கீழ்த்தெருவில் அடக்கம் செய்த அன்று மேல்தெருவில் இருந்து ஸ்தானா மட்டும் போனாள். கல்லறை வேலிக்கு வெளியே நின்றாள். ஷெஃபிகா அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ரதோயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். தோண்டச் சொன்னதும், பட்டியலைப் படித்ததும், சுடச் சொன்னதும் சிமோ என்றான். சிமோ வக்கீல் வைத்தான். வரப்புத் தகராறில் ரதோயே பொய் சொல்கிறான், தான் அன்று ஊரிலேயே இல்லை என்றான். ஸ்தானா வீட்டு ஜன்னலில் இரண்டு தடவை கல் விழுந்தது. அவள் தம்பி இன்றுவரை கிடைக்கவில்லை.

"அவனை மன்னிச்சிட்டீங்களா?" என்று ரதோயேவைப் பற்றி ஒரு நாள் கேட்டேன்.

"சாப்பாடு போடுறேன். துணி துவைக்கிறேன்," என்றாள் ஸ்தானா. "மன்னிக்க நான் யாரு? செத்தது நானா?"

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஷெஃபிகா என் வண்டியை மறித்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் என்னோடு பேசியதே இல்லை. வந்து கதவுக் கண்ணாடியில் தட்டினாள்.

"ரதோயே ஒருத்தன் சொன்னாப் பத்தாதாம். நான் செத்தவன் பெண்டாட்டி, என் சாட்சி எடுபடாதாம். சிமோ அன்னைக்கு ஊர்ல இருந்ததைப் பார்த்த இன்னொரு ஆள் வேணுமாம்."

"ஓ," என்றேன்.

"அன்னைக்குக் காலையில பஸ் ஜன்னல் வழியா நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். கடைச் சுவத்து ஓரமா அஞ்சு பேரையும் கையைத் தலைக்குப் பின்னாடி வச்சு நிறுத்தியிருந்தாங்க. சிமோ கையில காகிதம். உன் வண்டி வந்துச்சு. நின்னுச்சு. அப்புறம் போச்சு."

என் கை ஸ்டியரிங்கில் இருந்தது. அவதோ என்னைப் பார்த்தது ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். மறந்தால்தானே ஞாபகம் வர. தினமும் எனக்குக் கேன் தூக்கிக் கொடுத்தவன். நான் ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்க்கிற பார்வை. சிமோ, போ என்று கையை ஆட்டினான். நான் கியரைப் போட்டேன். பால் திரிந்துவிடும் என்று அப்போது நினைத்தேன், உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன். ரதோயேவைப் பார்த்து ஒரு வருஷமாக நான் கொதித்ததெல்லாம் வெறும் வேஷம்.

"நான் ஒண்ணுமே செய்யலையே ஷெஃபிகா," என்றேன்.

"தெரியும்," என்றாள். "அதைத்தான் வந்து சொல்லச் சொல்றேன்."

போனேன். டவுன் நீதிமன்றத்தில் இரண்டாவது மாடி. சிமோ முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஷெஃபிகா. அவளுக்கு நாலு இருக்கை தள்ளி ஸ்தானா. பார்த்ததை எல்லாம் சொன்னேன். சுவர், ஐந்து பேர், காகிதம், சிமோவின் கை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

தட்டச்சு செய்கிற பெண் விரல்களைத் தூக்கியபடி காத்திருந்தாள்.

"வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன்," என்றேன்.

"சத்தமாகச் சொல்லுங்கள்," என்றார் அவர்.